கார் ஸ்கிரீன் செட்டைப் பாதுகாப்பாக்குதல்: வன்னி வாகனக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரீகண்டிஷன் கார் அல்லது வான் வைத்திருப்பவர்களுக்கும், அதில் அன்ட்ரொயிட் ஸ்கிரீன் செட் பூட்டியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் ஓடும் வாகனங்களில் இந்த வேலையை நானே செய்திருக்கிறேன். மற்றவர்கள் செய்யும்போது பக்கத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். அநேகமானோர் செய்வது சரியான வேலைதான், வரிசைதான் பிழை. எடுத்த எடுப்பிலேயே அப்டேட் போடுகிறார்கள், ரிவேர்ஸ் கமரா வேலை செய்யாமல் போகிறது, பயந்துபோய் மிச்சத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

தூரத்தில் இருந்து யாரோ பிரேக்கைப் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் பலர் இந்த விஷயத்துக்குள் வருகிறார்கள். அப்படி நடந்ததும் உண்டு. 2015 இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியின் செட்டுக்குள் இணையம் வழியாகப் புகுந்து காட்டினார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டன. நம் பக்க வாகனங்களில் முதலில் கசிவது வேறு: போனில் உள்ள பெயர்கள், இலக்கங்கள், அழைப்புப் பட்டியல், எங்கே போய் வந்தீர்கள் என்ற விபரம், கூகுள் கணக்கு. அதனால் படிகளும் அந்த ஒழுங்கில்தான் போகின்றன.

1. தொடங்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு போன்கள், ஒரு கொப்பி, ஒரு பேனை, சிறிய டோர்ச், வெறுமையான பென் டிரைவ் ஒன்று. பென் டிரைவை ஃபாட் 32 முறையில் ஃபோர்மட் செய்யுங்கள். பெரும்பாலான செட்டுகள் மற்ற முறைகளை வாசிக்காது.

வேலைக்குக் காலை நேரத்தை எடுங்கள். மத்தியான வெயிலில் நின்ற வாகனத்தின் டாஷ்போட் சூட்டுக்கு மலிவு செட்டுகள் தானாக நின்று எழும்பும். அப்டேட் நடுவில் அப்படி நடந்தால் செட் முடிந்தது.

பற்றரி பழசென்றால் எஞ்சினை ஓடவிட்டுச் செய்யுங்கள், ஆனால் திறந்த வெளியில். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே இருப்பது உயிராபத்து.

2. உங்கள் செட் எந்த வகை என்று பாருங்கள்

இதைத் தெரியாமல் தொட்டால் அடுத்த படிகள் குழம்பும். இங்கே ஓடும் வாகனங்களில் மூன்று வகை உண்டு.

முதலாவது, ஜப்பானில் இருந்து வாகனத்தோடு வந்த செட். அக்வா, அக்சியோ, வெசல் போன்றவற்றில் ஜப்பானிய எழுத்தோடு இருக்கும். பெரும்பாலும் இணையம் இல்லை. புளூடூத், யூஎஸ்பி, எஸ்டி கார்ட் மட்டும்தான் வாசல்.

இரண்டாவது, கடையில் பூட்டிய அன்ட்ரொயிட் செட். வேகன் ஆரில் இருந்து ஹயர் வான் வரை இதுதான் அதிகம். உள்ளே இருப்பது ஒரு மலிவு டப்லெட். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் இதற்குத்தான் போகிறது.

மூன்றாவது, சொந்த சிம்மோடு கம்பனியின் சேர்வருடன் பேசும் புதிய கார்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்த பிறகு இவையும் ஏ9 இல் தென்படத் தொடங்கிவிட்டன. இவற்றில் ஆபத்து செட்டில் மட்டும் இல்லை, கம்பனியின் கணக்கிலும் இருக்கிறது. 2024 இல் கியா நிறுவனத்தின் இணைய அமைப்பில் இருந்த ஓட்டையை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் இலக்கத்தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு காரின் கதவைத் திறக்கவும், அது நிற்கும் இடத்தை அறியவும் அதனால் முடிந்தது. கம்பனி அதை அடைத்துவிட்டது. இந்த வகைக் காரைக் கைமாற்றாக வாங்குபவர், பழைய உரிமையாளர் தன் போன் செயலியில் இருந்து காரை நீக்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும். நீக்காவிட்டால் உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று அவர் தன் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம்.

3. தொட முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள்

செட்டிங்ஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். அன்ட்ரொயிட் செட்டில் சாதாரண செட்டிங்ஸுக்குப் பின்னால், கடவு இலக்கம் கேட்கும் ஃபக்டரி செட்டிங்ஸ் என்ற தனிப் பகுதி இருக்கும். வாகன மாதிரி, ஸ்டியரிங் பொத்தான், கமரா வகை எல்லாம் அங்கேதான் பதிந்திருக்கும். அந்த இலக்கத்தைப் பூட்டிய கடையில் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள்.

காரணம் எளிது. சில செட்டுகளில் ரீசெட் போட்டால் இந்தப் பதிவும் போய்விடும். ரிவேர்ஸ் போட்டால் திரை கறுப்பாக இருக்கும், ஸ்டியரிங்கில் சத்தம் கூட்டும் பொத்தான் பாட்டை மாற்றும். படம் இருந்தால் பார்த்துத் திரும்பப் போட்டுவிடலாம்.

ஜப்பான் செட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பற்றரியைக் கழற்றினால் சில ரொயோட்டா செட்டுகள் தம்மைப் பூட்டிக்கொண்டு, ஒரு தொடர் இலக்கத்தைக் காட்டித் திறப்புக் குறியீடு கேட்கும். சில, வரைபட எஸ்டி கார்ட் இல்லாமல் எழும்பவே மாட்டா. கார்ட் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுப் போடுவதற்காக அதைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். செட்டை அழிப்பதற்காகப் பற்றரி வயரைக் கழற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். புளூடூத்தில் பதிந்த விபரம் அதனால் அழியும் என்று நம்பவும் முடியாது.

4. பழைய விபரங்களை அழியுங்கள்

இதை அப்டேட்டுக்கு முன் செய்ய ஒரு காரணம் உண்டு. அப்டேட்டில் செட் நின்றுபோனால் அது கடைக்குப் போகும், திரும்பி வராமலும் போகலாம். அதோடு சேர்ந்து உங்கள் விபரமும் போகக்கூடாது.

கைமாறி வந்த செட்டின் தொலைபேசிப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். 'அம்மா', 'மாமி லண்டன்', 'தம்பி கனடா', 'கடன் அண்ணை' என்று முன்னவரின் குடும்பமே வரிசையாக நிற்கும். அழைத்த நேரமும் திகதியும் பக்கத்திலேயே இருக்கும். வரைபடத்தில் 'வீடு' என்பதை அழுத்தினால் அவர் வாசல் வரை வழி காட்டும். வெளிநாட்டு உறவுகளின் இலக்கங்கள் பணமோசடிக்காரர் தேடித் திரியும் சாமான். யார் யாரோடு பேசினார்கள், எங்கே போனார்கள் என்ற விபரம் எங்கள் மண்ணில் என்ன பாரம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அழிக்கும் ஒழுங்கு இது. முதலில் புளூடூத் பட்டியலில் உள்ள ஒவ்வொரு போனையும் நீக்குங்கள். அடுத்து தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் தனியாக அழியுங்கள். போனை நீக்கினாலும் தொடர்புகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் செட்டுகள் உண்டு. மூன்றாவதாக வரைபடத்தில் வீடு, போன இடங்கள், சேமித்த இடங்கள். நான்காவதாக கூகுள் கணக்கை செட்டில் இருந்து வெளியேற்றுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே ரீசெட்.

கணக்கை வெளியேற்றாமல் ரீசெட் போடுவதுதான் இந்தப் படியில் அதிகம் காணும் பிழை. சில செட்டுகள் எழும்பியதும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். மற்றவை கேட்காவிட்டாலும், உங்கள் கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலில் அந்த செட் தொடர்ந்து இருக்கும்.

ஜப்பானிய எழுத்தை வாசிக்க போனில் கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியின் கமராவை திரைக்கு நேரே பிடியுங்கள். 'அழி' என்றும் 'ஆரம்ப நிலைக்கு மாற்று' என்றும் அர்த்தம் வரும் பொத்தான்களைத்தான் தேடுகிறீர்கள். ஊகித்து அழுத்தாதீர்கள்.

கடைசியாக உங்கள் போனிலும் புளூடூத் பட்டியலில் இருந்து அந்த செட்டை நீக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பாதி வேலைதான்.

5. உண்மையான அன்ட்ரொயிட் பதிப்பைக் கண்டுபிடியுங்கள்

திரையில் அன்ட்ரொயிட் 13 என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். மலிவு செட்டுகளில் அந்த இலக்கத்தை மாற்றி எழுதி விற்பது சாதாரணம்.

பிளே ஸ்டோரில் (8 ஆம் படியில் சொல்லும் தனிக் கணக்கால் நுழைந்து) இருந்து சிபியு-இசட் செயலியைப் போட்டு ஏபிஐ லெவல் என்ற வரியைப் பாருங்கள். 27 என்றால் அன்ட்ரொயிட் 8.1, 28 என்றால் 9, 29 என்றால் 10, 31 என்றால் 12, 33 என்றால் 13. அதோடு செட்டிங்ஸில் பாதுகாப்புத் திருத்தத் திகதி என்ற வரியையும் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் பழையதையே உண்மையாக எடுங்கள். இந்தச் செயலியையும் ஏமாற்றும் செட்டுகள் இருப்பதால்தான் இரண்டு இடத்தில் பார்க்கச் சொல்கிறேன்.

திகதி ஏன் முக்கியம்? 2017 செப்டெம்பரில் வெளிவந்த புளூபோர்ன் ஓட்டைகளால், புளூடூத் திறந்திருந்தாலே, இணைக்காமலும் அனுமதி கேட்காமலும் அன்ட்ரொயிட் சாதனத்துக்குள் நுழைய முடிந்தது. அந்த மாதத் திருத்தம் அதை மூடியது. உங்கள் செட்டின் திகதி அதற்கு முந்தியது என்றால் அந்தக் கதவு இன்றும் திறந்தே கிடக்கிறது. அப்படியான செட்டில் புளூடூத்தை மூடிவிடுங்கள், கூகுள் கணக்கும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பாட்டுக்கும் கமராவுக்கும் மட்டும் வைத்திருங்கள்.

6. அப்டேட் போடுவதென்றால் இப்போது

அடுத்து வரும் படிகளுக்கு முன் இதைச் செய்யக் காரணம், அப்டேட் பல செட்டிங்குகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும் என்பது. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு அப்டேட் போட்டால், மூடிய கதவு திறந்ததே தெரியாது.

அப்டேட் கோப்பு செட் செய்த கம்பனியிடம் இருந்தோ விற்ற கடையிடம் இருந்தோ வர வேண்டும். செட்டிங்ஸில் தெரியும் எம்சியு (செட்டின் கட்டுப்பாட்டுச் சிப்) இலக்கமும் பிரதான சிப் பெயரும் கோப்போடு பொருந்த வேண்டும். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செட்டுகளுக்குள் வேறு வேறு சேர்க்கிட் போர்ட் இருக்கும். பக்கத்து வீட்டு வானுக்குச் சரியாக இருந்த கோப்பு உங்களுடையதைக் கொன்றுவிடும். டெலிகிராம் குழுவில் யாரோ போட்ட கோப்பைத் தொடவேண்டாம்.

ஹொட்ஸ்பொட் மூலம் நேரடியாக இறக்காதீர்கள். ரவுணில் நல்ல இணைப்பில் பென் டிரைவுக்கு இறக்கிக் கொண்டுவந்து போடுங்கள். நம்பகமான கோப்புக் கிடைக்காவிட்டால் அப்டேட்டை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். பிழையான அப்டேட்டைவிட, இணையம் துண்டித்த பழைய செட் பாதுகாப்பானது.

7. வைஃபையும் 5555 என்ற வாசலும்

அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து இங்கேதான். பல அன்ட்ரொயிட் செட்டுகள் தொழிற்சாலையில் சோதிப்பதற்காகத் திறந்த டிபக் வாசலை (ஆங்கிலத்தில் port) மூடாமலே விற்பனைக்கு வருகின்றன. அதன் இலக்கம் 5555. அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் கடவுச்சொல் இல்லாமலே அதன் வழியாகச் செயலி போடலாம், கோப்பு எடுக்கலாம், திரையைப் பார்க்கலாம். 2015 ஜீப்பில் நடந்ததும் இதே இனத்துப் பிழை. அங்கே 6667 என்ற வாசல் செல்போன் வலையமைப்பை நோக்கித் திறந்திருந்தது.

சோதிக்கும் விதம் இது. முதல் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, செட்டையும் இரண்டாவது போனையும் அதில் இணையுங்கள். இரண்டாவது போனில் ஃபிங் போன்ற வலையமைப்புச் செயலியால் செட்டைத் தேடி, திறந்த வாசல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹொட்ஸ்பொட் கொடுக்கும் போனிலேயே தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று முடிவெடுப்பது பலர் விடும் பிழை. பல போன்களில் அப்படித் தேடினால் செட் தெரியவே தெரியாது. செட் பட்டியலில் தெரிந்த பிறகு கிடைக்கும் பதிலை மட்டும் எடுங்கள்.

5555 திறந்திருந்தால் டெவலப்பர் ஒப்ஷன்ஸில் யூஎஸ்பி டிபக்கிங், வைஃபை டிபக்கிங் இரண்டையும் மூடி, செட்டை நிறுத்தி எழுப்பி, மீண்டும் சோதியுங்கள். திரும்பவும் திறந்திருந்தால் அது மென்பொருளிலேயே பதிந்த பிழை. அந்த செட்டை உங்கள் ஹொட்ஸ்பொட்டில் மட்டும், வேறு யாரும் அதில் இல்லாதபோது மட்டும் இணையுங்கள். ஹோட்டல் வைஃபை, கராஜ் வைஃபை எதுவும் வேண்டாம். சேமித்த பழைய வைஃபைப் பெயர்கள் எல்லாவற்றையும் மறக்கச் செய்யுங்கள்.

செட்டே ஹொட்ஸ்பொட் கொடுக்கும் வசதி இருந்தால் மூடுங்கள். அதன் கடவுச்சொல் பெரும்பாலும் 12345678 தான். ஐபோனை வயர் இல்லாமல் செட்டின் திரையில் காட்டும் சிறிய கார்பிளே அடாப்டர்களிலும் இதே கதை. முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

இந்தச் சோதனையை உங்கள் சொந்த செட்டில் மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் வாகனத்தில் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம்.

8. கணக்கும் செயலிகளும்

வங்கிச் செயலிகளும் குடும்பப் படங்களும் தொங்கும் உங்கள் பிரதான கூகுள் கணக்கை செட்டில் போடாதீர்கள். செட்டுக்கென்று ஒரு தனிக் கணக்குத் திறவுங்கள். யூடியூப்புக்கும் வரைபடத்துக்கும் அது தாராளம்.

கடைக்காரர் தயவாகப் போட்டுத் தந்த இலவசப் படச் செயலிகளை நீக்குங்கள். செட் கடைக்கு வரும்போதே தீய மென்பொருளோடு வரவும் கூடும். பாட்பொக்ஸ் 2.0 என்ற தீய மென்பொருள் பற்றி 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ விடுத்த எச்சரிக்கையில், டீவி பொக்ஸ்களோடு வெளியில் வாங்கிப் பூட்டும் கார் செட்டுகளும் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தன.

சோதிக்க ஒரு எளிய வழி: பாட்டு, வரைபடம், வீடியோ எதுவும் ஓடாமல் செட்டை ஹொட்ஸ்பொட்டில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். ரீசெட் போட்ட உடனே செயலிகள் தம்மைப் புதுப்பிக்கும், ஆகவே அடுத்த நாள் பாருங்கள். சும்மா நிற்கும் செட் நூற்றுக்கணக்கான எம்பி டேட்டாவைத் தின்றால் அதை இணையத்தில் இருந்து நிரந்தரமாக வெட்டிவிடுங்கள். ரீசெட்டால் இது போகாது. ரீசெட் திரும்பப் போடும் மென்பொருளிலேயே அது இருக்கும்.

9. புளூடூத்

புளூடூத்தின் கடவு இலக்கம் 0000 அல்லது 1234 என்றால் மாற்றுங்கள். தேடினால் தெரியும் நிலையை மூடுங்கள்.

ஹயர் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கட்டுநாயக்காவில் இருந்து கூட்டி வரும் வெளிநாட்டு உறவுகள் பாட்டுப் போடக் கேட்பார்கள், போனை இணைப்பார்கள். அப்போது தொடர்புகளைப் பகிரலாமா என்று அவர்கள் போன் கேட்கும். 'வேண்டாம் என்று அழுத்துங்கோ, பாட்டு வரும்' என்று நீங்களே சொல்லுங்கள். அவர்கள் இறங்கியதும் பட்டியலில் இருந்து அந்தப் போனை நீக்குங்கள்.

ஓடும்போது திரையில் வரும் இணைப்புக் கோரிக்கைக்குச் சம்மதம் அழுத்தவே கூடாது. 2025 இல் மெர்சிடிஸ் பென்ஸ், வொக்ஸ்வாகன், ஸ்கோடா செட்டுகளில் வெளியான பெர்ஃபெக்ட்புளூ ஓட்டைகளில்கூட, பல செட்டுகளில் முதலில் இணைப்புக்குச் சம்மதம் தேவைப்பட்டது.

10. யூஎஸ்பி

யாருடைய பென் டிரைவையும் செருகாதீர்கள். 2024 இல் மஸ்டா கார்களின் செட்டில் வெளியான ஓட்டைகளுக்கு, தயார்செய்த ஒரு பென் டிரைவைச் செருகுவதே போதுமாக இருந்தது.

பிழையான கோப்பு ஒன்றே செட்டைக் கொல்லும். 2022 இல் சியாட்டில் நகரில் ஒரு வானொலி நிலையம், பெயரின் கடைசிப் பகுதி (.jpg போன்றது) இல்லாத படக் கோப்புகளை ஒலிபரப்போடு அனுப்ப, 2014 முதல் 2017 வரையான மஸ்டா கார்களின் செட்டுகள் நின்று எழும்பி நின்று எழும்பிப் பாழாயின. அங்கே யாரும் தாக்கவில்லை.

பயணிகளின் போனைச் சார்ஜ் பண்ண சிகரெட் லைட்டர் சொக்கட்டில் ஒரு சார்ஜர் வாங்கிப் போடுங்கள். செட்டின் யூஎஸ்பி வயரில் மின்சாரத்தோடு தகவலும் போகும்.

11. செட்டுக்குப் பின்னாலும் ஸ்டியரிங்குக்குக் கீழும்

செட்டைக் கழற்றினால் வயர்க் கட்டுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி தொங்கும் வாகனங்கள் உண்டு. அதுதான் கேன் பொக்ஸ். எஞ்சின், பிரேக், கதவு, ஸ்டியரிங் பொத்தான் எல்லாம் பேசும் வயரில் இருந்து செய்தியை எடுத்து செட்டுக்குக் கொடுப்பது அதன் வேலை. ஜீப் ஆய்வாளர்கள் செட்டில் இருந்து பிரேக் வரை போனதும் இப்படிச் செட்டையும் வாகனத்தையும் இணைத்து நின்ற ஒரு சிப்பை மாற்றி எழுதித்தான். அதை நீங்களே வெட்டாதீர்கள், பொத்தானும் கமராவும் போகும். அது இருக்கிறதா என்று தெரிந்து வைத்தால் போதும். கேன் பொக்ஸும் திறந்த 5555 உம் ஒரே வாகனத்தில் இருந்தால், அந்த செட்டுக்கு வைஃபையே வேண்டாம் என்பது என் முடிவு.

அதைவிட அவசரமானது ஸ்டியரிங்குக்குக் கீழே, 16 ஊசிச் சொக்கட்டில். டோர்ச் அடித்துப் பாருங்கள். கராஜில் ஸ்கேன் பண்ணச் செருகிய நீல நிறச் சின்னப் புளூடூத் கருவி, சிவப்பு விளக்கு எரிய, மாதக்கணக்காக அங்கேயே இருக்கும். இஎல்எம் 327 வகையான இவற்றின் கடவு இலக்கம் பெரும்பாலும் 1234. பக்கத்தில் நிற்கும் எவரும் அதை இணைத்து வாகனத்தின் உள் வயரோடு பேசலாம். ஸ்கேன் முடிந்ததும் கழற்றி டாஷ்போட் பெட்டிக்குள் போடுங்கள். லீசிங் கம்பனி பூட்டிய ஜிபிஎஸ் கருவி என்றால் கைவைக்க முன் ஒப்பந்தத்தை வாசியுங்கள்.

12. சந்தேகம் வந்தால், கராஜுக்கு விட்டால், விற்றால்

செட் தானாகச் செயலி திறந்தால், தெரியாத போன் பட்டியலில் இருந்தால், முதலில் வைஃபையை மூடுங்கள். பிறகு வேறு ஒரு போனில் இருந்து கூகுள் கடவுச்சொல்லை மாற்றி, சாதனப் பட்டியலில் இருந்து செட்டை வெளியேற்றுங்கள். செட்டிலேயே இருந்து கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் போய்ச் சேரும். பணமோ கணக்கோ பறிபோயிருந்தால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு அறிவிக்கலாம்.

கராஜிலோ செட் கடையிலோ விட்டு எடுத்த ஒவ்வொரு முறையும் புளூடூத் பட்டியல், வைஃபைப் பெயர்கள், டிபக்கிங், 16 ஊசிச் சொக்கட் இந்த நாலையும் கடை வாசலிலேயே பாருங்கள். வேலை செய்பவர் வசதிக்காகத் திறந்துவிட்டு மூட மறப்பார். அந்த இடத்திலேயே சொன்னால் மூடித் தருவார்.

வாகனத்தை விற்பதென்றால் 4 ஆம் படியை முழுதாகத் திரும்பச் செய்யுங்கள். செட்டை மட்டும் மாற்றுவதென்றால், கழற்ற முன்னரே அதைச் செய்ய வேண்டும். கழற்றிய செட்டுக்கு 12 வோல்ட் கொடுத்து எழுப்ப வீட்டில் வழியிருக்காது, கடைக்காரர் அடுத்தவருக்குப் பூட்டும்போதுதான் அது மறுபடி எழும்பும்.